சிலிந்துவும் ஆபுத்திரனும்

விலங்கை வருத்திப் பழகிய கை மனிதனை வருத்தவுங் கூசாது என்பது பல நாட்டு அறநூலார்க்கும் உடன்பாடான கருத்தாகும். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைச் சிறுபராயத்தில் மனனஞ் செய்தோர், கொலையும் புலாலுண்ணலும் பாதகங்களின் வரிசையில் நிற்பதை மறந்திரார். மேல்நாட்டிலே ஹோகாத் என்னும் ஆங்கில ஓவியர் 1751ஆம் ஆண்டில் ‘கொடுமையின் நான்கு படிகள்’ என்ற பெயரில் நான்கு செதுக்கோவியங்களை வெளியிட்டார். முதற் படத்திலே நாயை வதைக்குஞ் சிறுவன், இரண்டாவதிலே வண்டிக்குதிரையை அடிக்கின்றான். மூன்றாவதிலே தன்னை நம்பிய பெண்ணைக் கொலை செய்கின்றான். நான்காவதிலே தூக்கிலிடப்பட்ட அவனுடைய உடலையே மருத்துவர் அறுக்கின்றனர். ஜேர்மானிய மெய்யியலாளராகிய கான்ற் தம் அறவியல் விரிவுரைகளில் இவ்வோவியங்களை எடுத்துக்காட்டி, விலங்கிடத்துக் காட்டுங் கொடுமை மனிதரிடத்துக் காட்டும் அன்பையும் வற்றச் செய்யும் என்றார். இதனைப் படிமுறைக் கொள்கை என நாம் பெயரிட்டு மேற்செல்வோம்.

இக்கால உளநூலார் இக்கொள்கையைச் சோதிக்க முற்பட்டனர். 1963இல் மக்டோனல்ட் என்னும் மனநோய் மருத்துவர், கொலை மிரட்டல் விடுத்த நோயாளரை ஆராய்ந்து, விலங்குகளை வதைத்தல், தீவைத்தல், பருவங் கடந்தும் படுக்கையை நனைத்தல் ஆகிய மூன்றும் ஒருவரது இளமையில் ஒருங்கே காணப்படுதல் அபாயக் குறி எனக் கருதினார். பின்வந்தோர் இதனை முழுமையாக ஒப்புக்கொண்டிலர். 1999இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் நுட்பமானது. விலங்குகளைத் துன்புறுத்திய 153 பேரையும், அவர்தம் அயலிலே வாழ்ந்த அதே தொகையினரையும் ஒப்புநோக்கியபோது, முன்னவர் வன்குற்றங்கள் புரிந்திருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகம் எனத் தெரிந்தது. ஆயின் விலங்கை வதைத்தலே முதலில் நிகழ்ந்தது, மனிதரைத் தாக்குதல் பின்னர் நிகழ்ந்தது என்று கூறுதற்கு இடமிருக்கவில்லை. சிலரிடத்து அது முன்னும், சிலரிடத்து இது முன்னுமாக அமைந்திருந்தன. அஃதாவது, இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் அவ்வுறவு ஹோகாத் வரைந்த ஏணிப்படி போன்றதன்று.

அங்ஙனமாயின் அவ்விரண்டையும் ஒருங்கே பிறப்பிப்பது யாது? தொகை நூல் இவ்வினாவின் வாசலிலே நின்றுவிடுகின்றது. இதற்கு விடை தேடுவோர்க்கு நம் நாட்டைக் களமாகக் கொண்டெழுந்த ஆங்கில நாவலொன்றும், நம் மொழிக் காப்பியத்தின் ஒரு காதையும் உதவும் என்பது என் துணிபு. முன்னது லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட, ‘காட்டிலுள்ள கிராமம்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட நூல். பின்னது மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு கூறும் பகுதி.

வுல்ஃப் 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக் குடியியற் சேவையில் இணைந்து இங்கு வந்தவர். முதலில் யாழ்ப்பாணக் கச்சேரியிலும் பின்னர்க் கண்டியிலும் பணியாற்றி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். அக்காலத்திலே அம்மாவட்டத்தில் மாட்டுக் கொள்ளைநோய் பரவிற்று. நோயுற்ற மாடுகளையும் கட்டுப்பாடின்றித் திரிந்தவற்றையும் சுட்டுக்கொல்லும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. நோயைத் தடுக்கச் செய்த அச்செயலுக்காகக் கிராமத்தவர் அவரை வெறுத்தனர். ஏர்மாட்டை இழந்த குடியானவனுக்கு அரசின் நியாயம் எங்ஙனம் விளங்கும்? இந்நிகழ்ச்சிகளை அவர் 1961இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிற் கூறுகின்றார். காகிதத்தில் எழுதப்பட்ட ஆணை உயிர்களின்மேல் எங்ஙனம் இறங்குகின்றது என்பதை அவர் தம் கையாலேயே கண்டறிந்தவர் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். நாவல் முழுவதிலும் அவ்வறிவு உள்ளோடி நிற்கின்றது. பிறநாட்டார் ஒருவர் எழுதிய இந்நூலைச் சிங்கள மக்கள் தமதாக்கிக் கொண்டனர். 1980இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இதனைத் திரைப்படமாகவும் எடுத்தார். தமிழ் வாசகரிடையே இதற்கு அத்துணைப் பழக்கம் ஏற்படாமை நமக்கே நட்டம்.

கதை வறள்வலயக் காட்டின் நடுவேயுள்ள பெத்தகம என்னுஞ் சிற்றூரில் நிகழ்கின்றது. சிலிந்து என்பான் அவ்வூர் வேடன். சேனைப் பயிரும் துப்பாக்கியுமே அவன் சீவனம். அவனைச் சற்றே பித்துப் பிடித்தவன் என ஊரார் எண்ணுவர். காட்டு விலங்குகள் தன்னோடு பேசுவனவாக அவன் கருதுகின்றான்; தன் பெண்மக்களுக்கு அவ்விலங்குகளின் கதைகளையே சொல்லி வளர்க்கின்றான். விலங்கைக் கொன்று உண்பவன் விலங்கை வெறுப்பவன் அல்லன் என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே நாட்டிவிடுகின்றார். மான் அவனுக்கு இரையுமாம், அயலாருமாம். சைவ மரபிலே பயின்ற நமக்கு இது ஒப்புக்கொள்ளக் கடினமான நிலை. கொலையைப் பாவமென்று கொள்ளும் நாம், கொலையையும் கொடுமையையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். உளநூலார் இவ்விரண்டையும் பிரித்தறிவர். ஓர் உயிர் துன்புறுதலைக் கண்டு இன்புறுதலோ, கண்டும் காணாதிருத்தலோ கொடுமையாம். பசிக்காகச் செய்யுங் கொலை பாவமாயினும் அவ்வகையில் அடங்காது.

ஆயினும் சிலிந்துவை ஆசிரியர் துறவியாக்கிக் காட்டவில்லை. ஆண்மகவை எதிர்பார்த்திருந்த அவன், மனைவி இரட்டைப் பெண்மகவுகளை ஈன்றாள் என்று கேட்டதும் வெகுண்டு அவளை அடிக்கின்றான். அவள் சில நாளில் இறந்துபடுகின்றாள். படிமுறைக் கொள்கையார் இவ்விடத்திலே, “வேடன் கை அன்றோ?” என்று நம்மை நோக்கி வினவக்கூடும். ஆனால் நாவலை ஊன்றிப் படிப்போர்க்கு அவ்வடியின் ஊற்று வேட்டையிலே இல்லை என்பது புலனாகும். சேனை வெட்டவும் வேட்டைக்கு உடன்வரவும் ஒரு கை கூடும் என்றிருந்தவனுக்கு, உண்ண இரண்டு வாய்கள் கூடின. பசி தன்னைவிட எளியாரைத் தேடி அடிக்கின்றது. பின்னர் அதே சிலிந்து அப்பெண்களிடத்து வைக்கும் அன்பு, நூலின் மிக மென்மையான பகுதிகளைத் தோற்றுவிக்கின்றது. அடித்த கையையும் அணைத்த கையையும் ஒரே மனிதனிடத்துக் காட்டியமையே இப்பாத்திரப் படைப்பின் பெருமை.

நூலின் உயிர்நிலை இளைய மகள் ஹின்னிஹாமியின் கதையாகும். புஞ்சிரால என்னும் வைத்தியன், மந்திரவாதத்தால் அச்சுறுத்தி அவளைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் செல்கின்றான். அவள் தந்தையிடம் மீண்டு ஒரு பெண்மகவை ஈன்ற காலத்திலே, சிலிந்து காட்டிலிருந்து தாயற்ற மான்கன்று ஒன்றைக் கொணர்கின்றான். அவள் தன் மகவுக்கும் மான்கன்றுக்கும் ஒருங்கே பாலூட்டி வளர்க்கின்றாள். அக்கன்றுக்குப் புஞ்சி அப்பு எனப் பெயரும் இடுகின்றாள். குழந்தை பின்னர் நோயால் இறக்க, மானே அவளுக்குப் பிள்ளையாய் எஞ்சுகின்றது. அதன்பின் ஊருக்குத் துன்பம் மேல் துன்பம் வருகின்றது; நோயும் வறட்சியும் வாட்டுகின்றன. அவளும் மானும் பேய்கள், அவர்களாலேயே இத்தீங்கு விளைந்தது என்ற பேச்சு எழுகின்றது. ஒருநாள் ஊரார் திரண்டு மானைக் கல்லால் எறிகின்றனர். இடைபுகுந்த அவளையும் தாக்குகின்றனர். மான் இறக்கின்றது, அதனை விட்டுப் பிரியாத அவளும் இறக்கின்றாள்.

இப்பகுதியைப் படிக்கும்போது என் நினைவு மணிமேகலையிற் சென்று பதிந்தது. சாலி என்னும் பார்ப்பனி ஈன்று கைவிட்ட குழவிக்கு ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது, அக்குழவியே ஆபுத்திரன். வளர்ந்த பின்னர், வேள்வியின் பொருட்டுக் கொம்பிலே மாலை சூட்டிக் கட்டப்பட்டிருந்த பசுவொன்று அஞ்சிக் கதறுவதைக் கண்டு, இரவிலே அதனை விடுவித்துச் செல்கின்றான். துரத்திப் பிடித்த அந்தணர் அவனைக் கோலால் அடிக்கின்றனர். பசு வெகுண்டு அவருள் ஒருவனைக் குத்திக் குடரைச் சரித்துக் காட்டிலே புகுகின்றது. ஆபுத்திரன் பசுவின் பக்கம் நின்று வாதிட, அவர்கள் அவனுடைய பிறப்பை இழித்துரைத்து ஊரினின்றும் விலக்குகின்றனர்.

ஒரு கதையிலே பசு மனிதக் குழவிக்குப் பாலூட்டுகின்றது. மற்றதிலே மனிதத் தாய் மான்கன்றுக்குப் பாலூட்டுகின்றாள். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரு புலவர் ஒரே முடிச்சைப் போட்டமை எண்ணி மகிழத்தக்கது. பால் என்னும் பொருள் மனிதருக்கும் விலங்குக்கும் இடையேயுள்ள வேலியைக் கடக்கின்றது. வேலியைக் கடந்தவரை ஊர் பொறுப்பதில்லை. ஆபுத்திரனை ‘ஆ மகன்’ என்றும், ஹின்னிஹாமியைப் பேய் என்றும் ஊர் அழைப்பதன் உட்பொருள் ஒன்றே. அவர்களை மனிதக் கூட்டத்தினின்றும் சொல்லால் வெளியேற்றிய பின்னரே கோலும் கல்லும் ஓங்கப்படுகின்றன. ஆபுத்திரன் கதையிலோ அடி முந்தியும் இழிசொல் பிந்தியும் வருகின்றனவே என்று ஒருவர் தடுக்கலாம். உண்மை, ஆயின் ‘புலைச் சிறுமகன்’ என்ற சொல் அடிக்கு முன்னரே பிறந்துவிட்டது. பிறப்பைப் பற்றிய இழிசொல் அடித்த அடிக்குப் பின்னர்த் தேடிக்கொண்ட நியாயமாகும். அடித்தபின் நியாயந் தேடுதலும் கொடுமையின் உளநூலில் ஒரு பகுதியே.

இவ்விரு கூட்டத்தாருள்ளும் நோயாளர் எவரும் இலர் என்பதைக் கவனித்தல் வேண்டும். வேள்விச் சாலையில் நின்றோர் மறைகற்ற நல்லோர்; பெத்தகமவில் கல்லெறிந்தோர் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஏழைப் பெற்றோர். மக்டோனல்ட் வகுத்த மூன்று குறிகளையும் கொண்டு இவர்களை அளந்தால் ஒருவரும் அகப்படமாட்டார். இவர்களைச் செலுத்தியவை மூன்று: அச்சம், தாம் செய்வது தருமம் என்ற நம்பிக்கை, எதிர்த்து அடிக்க இயலாத ஓர் உயிர் கையெட்டுந் தூரத்தில் இருந்தமை. மூன்றாவதே முதன்மையானது என்பேன். கொள்ளைநோயைக் கல்லால் எறிதல் இயலாது. வறட்சியை அடித்தல் இயலாது. கடன்கொடுத்தவனை அடித்தாற் சிறை. மானை எறியலாம், மானுக்குத் தாயான பெண்ணையும் எறியலாம். விலங்கின்பாற் கொடுமையும் மனிதர்பால் வன்முறையும் உடன் நிகழ்தற்குக் காரணம் ஈண்டுப் பெறப்படும். விலங்கும் எளிய மனிதரும் ஒரே தாழ்ந்த மேட்டிலே நிறுத்தப்பட்டுள்ளனர். மேலிருந்து உருளுங் கல் இருவர்மேலும் விழுகின்றது.

மேலே நிற்பவர் யாவர் என்பதையும் வுல்ஃப் மறைக்கவில்லை. ஊர்த்தலைவனான பபேஹாமி ஆராச்சியும், பட்டினத்திலிருந்து வந்த வட்டிக்காரன் பெர்னாண்டோவும் எவ்விலங்கையும் வதைத்ததாகக் கதையில் இல்லை. அவர்களுடைய கருவி அனுமதிச் சீட்டும் கடன் சீட்டும் பொய் வழக்கும் ஆகும். சேனைக்கு அனுமதியின்றேல் விளைச்சல் இல்லை. விளைச்சல் இன்றேற் கடன். கடன்பட்டவன் வீட்டுப் பெண்ணைக் கேட்கலாம். சிலிந்துவின் மூத்த மகள் புஞ்சி மெனிக்காவைப் பெறும்பொருட்டு அவள் கணவன் பபுனைக் களவுப் பழி சுமத்திச் சிறைக்கு அனுப்புகின்றனர். அப்போதுதான் சிலிந்துவுக்கு ஓர் உண்மை புலனாகின்றது. இத்தனை காலமும் தன்னை வேடன் என்று எண்ணியிருந்தவன், தானே வேட்டையாடப்பட்டு வந்தமையை உணர்கின்றான். காயம்பட்ட எருமை ஓடுவதை விடுத்துத் திரும்பி வேடன்மேற் பாய்வதுபோல, ஆராச்சியையும் பெர்னாண்டோவையும் சுட்டுக்கொன்று, தானே சென்று அதிகாரிகளிடம் சரணடைகின்றான். தூக்குத் தண்டனை பின்னர் இருபது ஆண்டுச் சிறையாக மாற்றப்படுகின்றது.

படிமுறைக் கொள்கைக்கு இதனைவிடப் பொருத்தமான கதை வேறு உண்டா என்று தோன்றலாம். வாழ்நாள் முழுதும் மானையும் பன்றியையும் சுட்டவன் ஈற்றில் இரு மனிதரைச் சுட்டான். சிறைக்குச் செல்லும் வழியில் அவன் சந்திக்கும் முதியவர் ஒருவரும் புத்தபிரான் அருளிய கொல்லாமையை எடுத்துரைத்து, அவன் மனத்தைப் பழைய கொலைகளின்பால் திருப்புகின்றார். அப்பேச்சை ஆசிரியர் எள்ளவில்லை, மதிப்புடனேயே எழுதுகின்றார். எனினும் கதையின் முழு அமைப்பு அதனோடு முற்றும் உடன்படவில்லை. சிலிந்து கொலைஞனானமைக்குக் காரணம் வேடனாயிருந்தமையா, வேட்டைப் பொருளாயிருந்தமையா என்று வினவினால், நாவல் இரண்டாவதையே சுட்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தமை அவனுக்கு வழியைத் தந்தது. காரணத்தைத் தந்தவர் பிறர்.

வுல்ஃப் தம் முதுமையிலும் இவ்விடயத்தை விட்டாரல்லர். 1969இல், அவர் இறந்த ஆண்டில், வெளிவந்த தன்வரலாற்றின் கடைசிப் பாகத்திலே தம் இளமை நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றார். பிறந்து ஒரு நாளான நாய்க்குட்டிகளை நீரில் அமிழ்த்திக் கொல்லுமாறு அவரிடம் ஒப்படைத்தனர். நீரில் இட்டதும் கண் திறவாத அக்குட்டி உயிருக்காகப் போராடியது. தன்னைப்போலவே அதுவும் ஒரு ‘நான்’ என்பதை அக்கணம் அவர் உணர்ந்தார். கொடுமையை வெறுத்தெழுதிய பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொன்ரேயினை வியந்து பேசுமிடத்தே இதனை அவர் நினைவுகூர்கின்றார். கொடுமைக்கு மருந்து யாது என்பதற்கு அவர் கண்ட விடை இதுவெனக் கொள்ளலாம்: எதிரேயுள்ள உயிரில் ஒரு ‘நான்’ இருப்பதைக் காணல். பசுவின் கதறலிலே ஆபுத்திரன் கேட்டதும் இதுவே.

இனி, நூலின் குறையையும் கூறல் வேண்டும். விலங்கினுள் ‘நான்’ ஒன்றைக் கண்ட இவ்வாசிரியர், கிராமத்து மனிதரை வருணிக்கையில் விலங்குவமைகளை அளவின்றிப் பெய்கின்றார். அவர்தம் நடையும் நோக்கும் அச்சமும் காட்டுயிர்களின் நடையாகவும் நோக்காகவும் அச்சமாகவும் காட்டப்படுகின்றன. இரக்கத்தினாலேயே அவ்வாறு எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆயின், விலங்கை மனிதர் மட்டத்துக்கு உயர்த்துதல் ஒன்று. மனிதரை விலங்கின் மட்டத்தில் வைத்துப் பார்த்தல் மற்றொன்று. மணிமேகலை ஆசிரியர் இவ்விடத்திலே மேம்பட்டு நிற்கின்றார். பசுவுக்குக் கருணை உண்டு என்று காட்டிய அவர், ஆபுத்திரனை எங்கும் பசுவாக்கவில்லை. அடிபட்ட பின்னும் அவனுக்கு நாவன்மை உண்டு. அவன் வாதிடுகின்றான், முனிவரின் பிறப்புக்களை எடுத்துக்காட்டித் தன் பிறப்பை நிலைநாட்டுகின்றான். பின்னர் அமுதசுரபி அவன் கைக்கு வருகின்றது. கொடுமையின் வேர் பசியிலுள்ளது என்று வுல்ஃப் காட்டினார். பசிக்கு ஒரு பாத்திரத்தையும் தந்தார் சாத்தனார். பாத்திரம் கற்பனைதானே என்பீராயின், பேய் பிடித்த மானும் கற்பனைதான். ஊர்கள் எக்கற்பனையை நம்பின என்பதிலேதான் வேறுபாடு.

மனிதரை விலங்காகப் பார்க்கும் பார்வை மலையகத்தார்க்குப் புதியதன்று. வட்டவளையிலிருந்து இந்நூலைப் படிப்பவர்க்கு இவ்வுவமைகள் உறுத்துதற்குக் காரணமும் அதுவே. இம்மலைகள் கோப்பிக்காக அழிக்கப்பட்ட காலத்தில், மேஜர் றொஜேர்ஸ் என்னும் படையதிகாரி ஆயிரத்து நானூறு வரையான யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்றார். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்ற வீரத்தை 1854இல் ஒரு நூலாகவே எழுதினார். அவ்வாண்டுகளிலேதான் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, வழியிலே நோயாலும் பட்டினியாலும் மடிந்தனர். யானையைக் கணக்கிட்ட அளவுக்கு அவர்களை ஒருவரும் கணக்கிட்டிலர். பொழுதுபோக்காகக் கொன்றவரைக் கொடியர் என்று எச்சட்டமும் அழைக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குகளைத் துன்புறுத்துவோர்க்கு நூறு ரூபாவுக்கு மேற்படாத தண்டப்பணம் விதித்தது. நல்ல சட்டந்தான். ஆனால் அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிட இடந்தந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அப்போது நடைமுறையிலிருந்தது. வண்டிக்காரன் மாட்டை அடித்தாற் குற்றம் என எழுதிய அதே அரசு, மனிதன் ஒரு தோட்டத்தைவிட்டுப் புறப்படுதலையும் குற்றம் என எழுதிற்று. விலங்கின்பாற் கொடுமையை ஏழைகளின் இழிகுணமாக மட்டுங் காணும் வழக்கம் அக்காலத்திலேயே தொடங்கியது எனலாம்.

அவ்வழக்கம் இன்னும் நீங்கவில்லை. 2018ஆம் ஆண்டு யூன் 21ஆம் நாள் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருட் புகுந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. ஊரார் அதனை அடித்துக் கொன்றனர். கொன்றபின் அதனோடு நின்று படமும் எடுத்தனர். அப்படங்கள் நாடெங்கும் பரவின, கண்டனம் எழுந்தது, சிலர் கைதாயினர். அச்சத்தாற் கொன்றமையை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். படமெடுத்துக் களித்தமையை விளங்கிக்கொள்ளுதல் அரிது. அதனை நியாயப்படுத்த நான் முற்படவில்லை. ஆயின், ‘இவர்கள் காட்டுமிராண்டிகள்’ என்று ஒரு சொல்லால் முடிப்போர், ஹின்னிஹாமியைப் பேய் என்று முடித்த ஊராரின் வழியிலேயே செல்கின்றனர். அவ்வூர் மக்கள் 2009இல் முடிவுற்ற போரில் இடம்விட்டு இடம் துரத்தப்பட்டவர்கள். வேட்டையாடப்பட்டவன் திரும்பும்போது தன்னை வேட்டையாடியவன்மேல் மட்டுமே பாய்வான் என்பது சிலிந்துவுக்கு வாய்த்த அரிய தெளிவு. பெத்தகமவின் ஏனையோர்க்கு அது வாய்க்கவில்லை. அவர்கள் எதிரே கண்டது மானை.

மலையகத்தில் நிகழ்வது பெரும்பாலும் வேறுவகையினது. 2020ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில், அரிதினும் அரிய கருஞ்சிறுத்தையொன்று கழுத்திற் கம்பிச் சுருக்கு இறுகிய நிலையிற் காணப்பட்டது. மீட்டெடுத்து உடவளவைக்குக் கொண்டு சென்றனர். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. தோட்ட எல்லைகளிலும் மரக்கறிப் பாத்திகளின் ஓரத்திலும் இடப்படும் இத்தகைய சுருக்குக்கள் பெரும்பாலும் பன்றிக்காக இடப்படுவன. கம்பிக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றே. இங்கே கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை, வெகுளியும் இல்லை. கம்பியைக் கட்டியவன் வீட்டில் உறங்குகின்றான். விலங்கு இரவு முழுதும் தனியே துடிக்கின்றது. மான் வீழ்ந்த இடத்துக்குச் சிலிந்து நடந்து சென்றே தீரவேண்டும். அதன் கண்ணை அவன் பார்த்தே தீரவேண்டும். சுருக்கு இடுபவனுக்கு அத்துன்பம் இல்லை. ‘நான்’ ஒன்று போராடுவதைக் காணும் வாய்ப்பையே அவனிடமிருந்து அக்கம்பி பறித்துவிடுகின்றது.

இவனைக் கல்லெறிந்தவரோடு சேர்ப்பதா, வேடனோடு சேர்ப்பதா? நாவலில் இவனுக்கு மிக அண்மையில் நிற்பவன், வியப்பாயினும், பபேஹாமி ஆராச்சியே. அவனும் ஒரு சீட்டை எழுதிவிட்டுத் திண்ணையிலிருந்தவன். சீட்டு இறுகியபோது துடித்தவரை நெருங்கிப் பார்த்தவன் அல்லன். ஆயின் ஆராச்சிக்கு வயிறு நிறைந்திருந்தது. சுருக்கு இடுபவனோ பெரும்பாலும் லயத்து அறையில் வாழ்பவன்; அன்றன்றை நாட்சம்பளத்துக்கு மலை ஏறுபவன்; பன்றி கிளறிய மரவள்ளிப் பாத்திக்கு எவரிடமும் நட்டஈடு கேட்க முடியாதவன். பசியிலே அவன் சிலிந்து, செய்கையிலே பபேஹாமி. வுல்ஃபின் நூலிலே தனித்தனியே நின்ற இவ்விருவரும் ஒரே மனிதனாய்க் கூடும் நிலையை எழுதிய தமிழ் நாவலொன்றை நான் இன்னும் படித்திலேன். சீட்டும் பற்றும் இறுகிய கதையைத் தோட்டத்து எழுத்தாளர் பலர் எழுதியுள்ளனர். அச்சீட்டில் அகப்பட்டவன் மாலையிற் கம்பியொன்றை எடுத்துக்கொண்டு தேயிலை முடியுங் காட்டோரத்துக்கு நடக்குங் கதை எழுதப்படுமாயின், அதை எழுதுபவர் கம்பியின் இரு முனைகளையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.